வீடு இல்லை என்பதற்காகப் பள்ளியை நிறுத்த வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஓர் அம்மா தன் மகனை நான்காம் வகுப்பில் சேர்க்க வந்தார். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதியவர், 'வீட்டு முகவரி' என்ற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "அப்புறம் வர்றேன் டீச்சர்" என்று எழுந்துகொண்டார். உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் தெரிந்தது: குடியிருந்த வீடு இடிபட்டுப் போய், இப்போது மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறார்கள். ஏற்கெனவே போன ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பையன் மூன்று மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை.

அந்த மூன்று மாதம் வீணாகியிருக்க வேண்டியதே இல்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நம் நாட்டில் 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி என்பது சட்டப்படியான உரிமை. 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு இருக்கும் குழந்தை, இல்லாத குழந்தை என்று அது பிரிக்கவில்லை. பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பையும் உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்திருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. அதைக் கேட்டவுடன் கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது, எனக்கும் சேர்த்துத்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதும் மறுக்கக் காரணம் ஆகாது. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்த்தாக வேண்டும். ஆதார் இல்லாததால் எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை இதுவரை பள்ளிக்கே போனதில்லையா? சரி, அவனை ஒன்றாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்க மாட்டோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுவும் அவன் உரிமைதான்.

சேர்ந்த பிறகுதான் நிஜமான சிரமம் தொடங்குகிறது. முதலில் சொன்ன அந்த நான்காம் வகுப்புப் பையன் தினமும் எல்லாப் புத்தகங்களையும் சுமந்து வந்தான். கால அட்டவணைப்படி கொண்டு வரச் சொன்னதற்கு, "வெச்சிட்டு வர எடமில்ல டீச்சர்" என்றான். ஒரு நாள் மழையில் நோட்டெல்லாம் நனைந்து எழுத்து ஊறிப்போயிருந்தது. வகுப்பில் அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறான். அது எங்கள் தவறு. அவனிடமும் அவன் அம்மாவிடமும் நானே வருத்தம் தெரிவித்தேன்.

இப்போது நூலக அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறோம். எந்தப் பிள்ளையும் அங்கே புத்தகம் வைத்துவிட்டுப் போகலாம். மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பறையில் விளக்குப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்கலாம். தாமதமாக வந்தால், சீருடை கசங்கியிருந்தால் காரணம் கேட்போம், தண்டிக்க மாட்டோம். உடம்பை வருத்துவதும் மனத்தை நோகடிப்பதும் சட்டப்படியே தடைசெய்யப்பட்டவை.

நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பது எனக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டுமே தெரியும். மற்ற பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் காதுபட இன்னொரு குடும்பத்தின் கஷ்டத்தைப் பேசாதீர்கள். நீங்கள் வீட்டில் சொல்வதுதான் மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயராக வந்து நிற்கிறது.

திடீரென்று ஊர் மாற வேண்டி வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றுச் சான்றிதழை அன்றே தருகிறேன். சொல்ல நேரமில்லாமல் கிளம்பிவிட்டாலும் பரவாயில்லை. போன இடத்துப் பள்ளியில் இந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லுங்கள், மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம். எங்காவது சேர்க்க மறுத்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற இலவச எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

உங்கள் பக்கத்தில் பள்ளிக்கு வராத பிள்ளை இருந்தால் அழைத்து வாருங்கள். முகவரி எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். உட்கார்ந்து பேசி நானே எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்