காரின் கூரையை அறிந்த பின்பே சைக்கிள் தாங்கியை வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் காரின் மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் வருவோரை இப்போதெல்லாம் காண்கிறேன். எங்கள் ஊர்களின் அகன்ற நேர்வீதிகளும் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சாலைகளும் சைக்கிள் மிதிப்பதற்கு வாகானவை என்பதால், அவர்கள் வருவதில் காரைக்குடிக்காரனான எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அந்தச் சைக்கிள்களில் சில காரின் மேல் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்க்கும்போது, சென்ற ஆடி மாதம் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்து மனம் பதைக்கிறது. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் சைக்கிளையும் பேத்தியின் சைக்கிளையும் திருமயம் வரை காரில் கொண்டுசென்று, அங்கே ஓட்டிவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணி, எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்ட தாங்கி ஒன்றை வெளியூர்க் கடையில் வாங்கினேன். காரின் கூரையில் இருபுறமும் நீளவாட்டில் கறுப்புக் கம்பிகள் இருந்தன. அவற்றின் மேல் தாங்கியின் குறுக்குக் கம்பிகளை வைத்து முடுக்கினேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கானாடுகாத்தான் பிரிவைத் தாண்டியதும், "ஐயா, மேலே ஏதோ கடகடன்னு ஆடுது" என்று பேத்தி சொன்னாள். இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கக் கம்பியின் முன்முனை கூரையை விட்டு விரற்கடை அளவு பெயர்ந்து நின்றது. எங்களுக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தொலைவு ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கம்பிகள் அழகுக்காகப் பொருத்தப்பட்டவை; பாரம் தாங்குவதற்கானவை அல்ல. காரின் கையேடு இதை ஆங்கிலத்தில், ஒரே வரியில் சொல்லியிருந்தது. காரை ஒப்படைத்த நாளில் பாட்டு கேட்கும் கருவியைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியவர்கள் இதைச் சொல்லவில்லை. தாங்கியை விற்றவரும் என் கார் எந்த மாடல் என்று கேட்கவில்லை. கேட்டுத் தெளிந்திருக்க வேண்டிய பொறுப்பு எனக்கும் இருந்தது என்பதை மறுக்கவில்லை.

ஆகவே, தாங்கி வாங்குவோர் விலையைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அம்பாசிடர் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் கூரையோரத்தில் மழைநீர் வடிவதற்கான தகட்டு விளிம்பு ஓடும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த இரும்புக் கேரியரின் கால்களை அந்த விளிம்பில் மாட்டி முடுக்கிவிட்டால் போதும். திருமணச் சீர்ச் சாமான்களை அதன்மேல் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனதை என் வயதுடையோர் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விளிம்பு கிடையாது. கூரையின் அமைப்பும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. கூரைக்கும் கம்பிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு அமைந்த கம்பிகள் உண்டு. இடைவெளியே இல்லாமல் கூரையோடு படிந்து கிடக்கும் கம்பிகளும் உண்டு. சில கார்களில் தாங்கியை முடுக்குவதற்கென்றே திருகு மறை வெட்டிய துளைகள் சிறு மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். சிறிய கார்கள் பலவற்றில் இவை எதுவும் இல்லாமல் வெறும் கூரை மட்டுமே இருக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும், குறுக்குக் கம்பிகளைக் கூரையோடு பிடித்து நிறுத்தும் தாங்கியின் கால்கள் வேறு வேறு. வெறும் கூரையாக இருந்தால், கதவைத் திறந்தால் தெரியும் மேல்விளிம்பில் கொக்கியை மாட்டி, கூரையின் மேல் ரப்பர் மெத்தையை அழுத்தி நிற்கும் கால்கள் வேண்டும். அந்தக் கொக்கியின் வளைவும் மெத்தையின் சரிவும் அந்தந்த மாடலின் தகட்டுக்கு ஏற்றபடி செய்யப்படுகின்றன. பொருந்தாத காலை வலிந்து முடுக்கினால், பாரம் முழுவதும் ஓரிடத்தில் இறங்கித் தகடு நசுங்கும். இல்லையேல் ஓட்டத்தில் பிடி நழுவும். 1942-இல் சுவீடனில் தொடங்கப்பட்ட தூலி போன்ற தாங்கி தயாரிக்கும் நிறுவனங்கள், எந்தக் காருக்கு எந்தக் கால் பொருந்தும் என்பதை மாடல் வாரியாகப் பட்டியலிட்டே விற்கின்றன. அப்படியொரு பட்டியலைக் காட்ட முடியாத கடையில் தாங்கியை வாங்காதிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கூரைக் கம்பியில் இடைவெளி இருப்பதாலேயே அது பாரம் தாங்கும் என்றும் கொள்ளக்கூடாது. என் காரில் பெயர்ந்த கம்பியிலும் இடைவெளி இருந்தது.

அடுத்து எடைக் கணக்கு. பல கார்களுக்குக் கூரையின் மேல் 50 முதல் 75 கிலோ வரையே ஏற்றலாம் என்று கையேடுகள் கூறுகின்றன. இந்த அளவில் தாங்கியின் எடையும் சேரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது நாங்கள் பயன்படுத்துகிற என் மகனின் காருக்கு 50 கிலோதான் வரம்பு. குறுக்குக் கம்பிகளும் கால்களும் 6 கிலோ. சைக்கிளை நிறுத்தும் தட்டுகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோ. மட்கார்டும் கேரியரும் உள்ள என் பழைய இரும்புச் சைக்கிள் 20 கிலோ. பேத்தியின் கியர் சைக்கிள் 14 கிலோ. கூட்டினால் சரியாக 50 வருகிறது. மூன்றாவதாக ஒரு சிறுவர் சைக்கிளை ஏற்றவும் இடமில்லை. குறுக்குக் கம்பியில் இடம் மிஞ்சியிருக்கிறதே என்பதற்காக இன்னொன்றை ஏற்றுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

சைக்கிளைப் பிடிக்கும் முறையிலும் நம் வீட்டுச் சைக்கிளுக்கு எது ஏற்றது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கின் நுனியைத் தாங்கியில் பூட்டுகிற முறை, பந்தயச் சைக்கிள் வைத்திருப்போருக்கு மிக உறுதியானது. சைக்கிளின் உயரமும் சற்றுக் குறையும். ஆனால் அச்சின் அளவு ஒத்துவர வேண்டும்: நெம்புகோலால் திறக்கும் 9 மில்லிமீட்டர் அச்சுக்கான பிடியில், சக்கரத்தின் நடுவே ஊடுருவிச் செல்லும் 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடித்த அச்சு உள்ள சைக்கிள் உட்காராது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தடுப்புத் துண்டைச் செருகிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரேனும் பிரேக் பிடியை அழுத்திவிட்டால் கட்டைகள் நெருங்கிக்கொண்டு, சக்கரம் மறுபடி நுழையாது. சக்கரத்தை மட்டுமே கவ்விப் பிடிக்கும் முறையில் சட்டத்தில் கீறல் விழாது என்றாலும், மட்கார்டு அதற்குப் பெரும்பாலும் இடைஞ்சலாகிவிடும். நட்டு போட்ட அச்சும் மட்கார்டும் உள்ள நம் வழக்கமான சைக்கிள்களுக்கு, சக்கரங்களைத் தட்டில் நிறுத்தி, சட்டத்தின் சாய்வுக் குழாயை தாங்கியின் கை ஒன்று கவ்வுகிற முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. கார்பன் இழையால் செய்த சட்டத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நெரிக்கப்பட்ட கார்பன் வெளியே தெரியாமல் விரிசல் விடக்கூடும். பார் இல்லாத பெண்கள் சைக்கிளில் அந்தக் கை கவ்வுவதற்கு இடம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

குறுக்குக் கம்பி பட்டையான அலுமினியமாக இருந்தால் அதன் மேல்முகத்தில் நீண்ட பள்ளம் ஒன்று ஓடும். தட்டின் போல்ட் அதற்குள் நுழைய வேண்டும். 20 மில்லிமீட்டர், 24 மில்லிமீட்டர் என்று அதில் அளவுகள் உண்டு. மாற்றி வாங்கினால் வீடு வந்த பிறகுதான் தெரியும்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள காரின் மேல் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினால், மொத்த உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர் ஆகிவிடும். ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு மேலே சைக்கிள் இருப்பது கண்ணில் படுவதில்லை. ரயில் பாதைக்கடியில் போகும் தாழ்வான சுரங்கவழி, சாலையோரப் புளியமரக் கிளை, கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில், நம் வீட்டுக் கொட்டகையின் விட்டம் எல்லாமே ஆபத்துதான். உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங் அருகே ஒட்டிவைத்திருக்கிறேன். கூடை, தண்ணீர்ப் புட்டி, குழந்தை இருக்கை ஆகியவற்றைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட வேண்டும். தட்டோடு வந்த பட்டைகள் போதாவிட்டால் நல்ல பட்டையாக வாங்கிக் கட்டலாம்; நைலான் கயிறு வேண்டாம், அது இளகி முடிச்சு நழுவும். புறப்பட்டு 20 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லா முடுக்குகளையும் கையால் அசைத்துப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை தொல்லை எதற்கு, டிக்கிக் கதவில் மாட்டும் தாங்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏற்றி இறக்க அது எளிது என்பது உண்மைதான். ஆனால் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர், நம் சிறிய கார்கள் பலவற்றின் அகலம் அதைவிடக் குறைவு. குறுக்கே மாட்டிய சைக்கிளின் சக்கரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையும். வண்டியின் உடலுக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிய பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. அபராதத்தைக் காட்டிலும், குறுகலான சாலையில் முந்திச் செல்லும் இருசக்கர வாகனக்காரர் அந்தச் சக்கரத்தில் மோதுவார் என்பதே என் அச்சம்.

கார் விற்பனை நிலையத்தாருக்கு என் வேண்டுகோள் இது: காரை ஒப்படைக்கும்போது கொடுக்கும் தாளில், கூரைக் கம்பி பாரம் தாங்குமா, கூரையின் மேல் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைத் தமிழில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள். தாங்கி விற்போர், அது பொருந்தும் கார்களின் பெயர்களைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். தனியார் கார்களில் சைக்கிள் தாங்கி பொருத்துவதில் எவை அனுமதிக்கப்பட்டவை, எவை அல்ல என்பதைப் போக்குவரத்துத் துறை தெளிவான தமிழில் அறிவித்தால், வாங்குவோரும் சாலையில் நிறுத்திச் சோதிக்கும் காவலர்களும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வார்கள். கோடை விடுமுறைக்கு முன்பாகவே இது நடக்குமானால், வெளியூர்களிலிருந்து குழந்தைகளோடு எங்கள் ஊர்களுக்கு வருவோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்,
காரைக்குடி.