கடலைப் பாடமாக எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும் அதை வகுப்பில் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உயிரியல் நடத்துகிறேன். என் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. ‘மிகை மீன்பிடிப்பால் கடல்வளம் அழிகிறது’ என்று நான் கரும்பலகையில் எழுதினால், அது அவர்களுக்குத் தங்கள் அப்பாமேல் வைத்த குற்றச்சாட்டாகக் கேட்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். நம்பாததிலும் நியாயம் உண்டு. யார் பிடித்தது, எந்த வலையால், யார் வாங்குவதற்காக என்று அந்த வாக்கியம் ஒன்றுமே சொல்வதில்லை. அந்த விவரங்களைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் பை போன்ற வலையான இழுவைமடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீனவரின் பேராசை கொண்டுவரவில்லை. 1950களில் இந்திய–நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் படகுகளை எந்திரமயமாக்கியது. வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறியதும் அரசுகளே மானியமும் கடனும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கின. கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த மடியில் இறாலோடு கடற்புல்லும் நண்டும் குஞ்சு மீனும் சேர்ந்தே ஏறுகின்றன. சாப்பாட்டுக்கு விலைபோகாததை எங்கள் பக்கம் சங்காயம் என்று தனியாகக் குவிப்பார்கள். அது காய்ந்து, மாவாகி, கோழித்தீவனத்துக்குப் போகிறது. கடலையே பார்க்காத நாமக்கல் மாணவனுக்கும் முட்டை வழியாக இந்தக் கடலோடு தொடர்பு இருக்கிறது. இதைப் பாடத்தில் சொன்னால் ‘மனிதனின் தாக்கம்’ என்பது யாரோ ஒரு மீனவரின் குற்றமாக மட்டும் நிற்காது.

சட்டத்தையும் சொல்லுங்கள். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு முறை உண்டு. மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு பழைய வலைத்துண்டும் ஒரு அளவுகோலும் இருந்தால் போதும், பிள்ளைகளே அளந்து பார்த்துவிடுவார்கள்.

அப்புறம், பலரும் தொடத் தயங்கும் ஒரு விஷயம். எங்கள் பிள்ளைகள் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுகளைப் பற்றிக் கேட்டே வளர்கிறார்கள். அந்த வேதனை உண்மையானது. நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறிய படகில் போகும் தமிழ் மீனவரின் வலையை நம் இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போவதும் அதே அளவு உண்மை. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்ளும் வயதுதான். பிரச்சினை வரும் என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, நாங்கள் சாளை என்போம், 2021-இல் ஏறக்குறைய 3,300 டன்னாக விழுந்தது. குஞ்சுகளை வாரியது ஒரு காரணம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்தில் நம் கடலும் சூடாகி மீனின் இரை குறைந்தது இன்னொன்று. இரண்டையும் முன்னால் வைத்து வகுப்பை வாதாட விடலாம். கேரளம் 2015-இல் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவுகளை நிர்ணயித்தது: சாளை 10 செ.மீ., அயிலை (கானாங்கெளுத்தி) 14 செ.மீ. இதையும் சந்தையில் அளக்கலாம்.

வலையே போடாதவர்கள் செய்த சேதமும் பாடத்தில் வர வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் பரவியது. மீனவர்கள்தான் படகில் போய் வாளியால் அள்ளினார்கள். இந்த ஊர்களையெல்லாம் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

கடலைக் காக்கிறவர்களும் கரையிலேயே இருக்கிறார்கள். பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சர்வதேச அளவிலான சீகாலஜி விருது பெற்றார். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும் செய்த காரியம் இது. பாடநூலில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

நேரம் பற்றியும் ஒன்று. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே கழிந்துவிடுகிறது. கடல் பாடத்தை ஜூன் கடைசிக்கு வையுங்கள். தடை முடிந்து படகுகள் திரும்பும் நாட்களில் பிள்ளைகளை மீன் இறங்குதளத்துக்குக் கூட்டிப்போகலாம். என்ன மீன், எவ்வளவு நீளம், வயிற்றில் சினை இருக்கிறதா, சங்காயம் எவ்வளவு என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். நீவாடும் (கடல் நீரோட்டம்) காற்றும் தெரிந்த பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் அன்றைய கூலியை அவருக்குக் கொடுங்கள். கடலுக்குப் போகாத நாள் அவர் வீட்டுக்கு வருமானம் இல்லாத நாள்.

சரி, கடைசியாக ஒரு வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன் வரைவுப் பாடத்தைப் பாம்பனிலும் காசிமேட்டிலும் குளச்சலிலும் மீனவர்கள் முன்னால் வாசித்துக்காட்டுங்கள், பெண்களும் இருக்கும் கூட்டத்தில். அவர்கள் திருத்துவதைக் குறித்துக்கொண்டு அதன்பிறகு அச்சிடுங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் கூட்ட வேண்டுமென்றால் இடமும் ஆட்களும் ஏற்பாடு செய்ய நான் தயார்.

அன்புடன்,
ஒரு கடலோரப் பள்ளி ஆசிரியர்