இலவசமும் இல்லை, வெற்றியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இளையோர் நாவல்கள் பற்றிய கட்டுரையில் அமெரிக்க எழுத்தாளர் கிர்பி லார்சனின் 'ஹாட்டி பிக் ஸ்கை'க்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் "அரசு தந்த இலவச நிலத்தில் உழைத்து வென்ற சிறுமியின் கதை" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியில் இரண்டு தப்பு. (முடிவைச் சொல்லப்போகிறேன். நாவலைப் படிக்க நினைப்பவர்கள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடலாம்.)

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரோடு சனிக்கிழமை மாலைகளில் இந்த நாவலை வாசித்தேன். கதை 1918இல் நடக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உறவினர் வீட்டில் ஒண்டிக்கிடக்கும் ஹாட்டி ப்ரூக்ஸுக்கு 16 வயது, தாய் தகப்பன் இல்லை. மாமா ஒருவர் மான்டானாவில் 320 ஏக்கரை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். எழுதிவைத்தது என்றால் நிலத்தை இல்லை, அந்த நிலத்துக்கு அவர் போட்டிருந்த மனுவை. பட்டா கைக்கு வர வேண்டுமானால் நவம்பருக்குள் 40 ஏக்கரில் பயிர் வைத்திருக்க வேண்டும், 480 ராட் வேலி போட்டிருக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும்.

"ராட்னா என்ன மிஸ்?" என்றான் ஒருவன். பதினாறரை அடி. பெருக்கினால் 7,920 அடி, அதாவது ஒன்றரை மைல். நோட்டில் எழுதியபோது யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வாரம் பதினாறரை அடிக் கயிறு ஒன்றோடு வாய்க்கால் கரையில் அளந்துகொண்டே நடந்தோம். நூறு கயிறு தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. வெறுங்கையோடு நடந்த எங்களுக்கே இந்தக் கதி. அவள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவள். அன்றைக்குப் பிறகு 'இலவச நிலம்' என்ற சொல் எங்கள் கூட்டத்தில் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது.

அந்த 40 ஏக்கர் கற்பனைக் கணக்கும் இல்லை. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறி உழுபவர்களுக்கு அரசு நிலத்தில் 160 ஏக்கரும், அதற்குப் பட்டா வாங்க ஐந்து வருடக் கெடுவும் கொடுத்தது. வறண்ட மேற்குப் பகுதியில் அதை வைத்துப் பிழைக்க முடியாது என்று 1909இல் அளவை 320 ஆக்கினார்கள். 1912இல் கெடுவை மூன்று வருடமாகக் குறைத்தார்கள். எட்டில் ஒரு பங்கு உழுது பயிரிட்டிருக்க வேண்டும் என்பது விதி. 320இல் எட்டில் ஒன்று எவ்வளவு என்று பிள்ளைகளே சொன்னார்கள். கிழக்கு மான்டானாவில் ஆண்டு மழை 15 அங்குலத்துக்கும் குறைவு. நல்ல மழை பெய்த சில வருடங்களைக் காட்டி ரயில் கம்பெனிகள் விளம்பரம் செய்தன, சனம் குவிந்தது. 1917இல் வறட்சி தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கான பண்ணைகள் காலியாயின. 1920களின் நடுப்பகுதிக்குள் மாநிலத்தின் வங்கிகளில் ஏறக்குறையப் பாதி மூடிப்போயின.

ஹாட்டியும் தோற்றுத்தான் போகிறாள். அறுவடை நெருங்கும்போது ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப்போடுகிறது. கடனை அடைக்க வழியில்லை, நிலம் கைவிட்டுப் போகிறது. விடாமுயற்சி வெல்லும் என்று வகுப்பில் பாடம் நடத்த வசதியான புத்தகம் இல்லை இது. எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

அவளுடைய பக்கத்து நிலத்துக்காரர் கார்ல் ம்யூல்லர் ஜெர்மானியர். முதல் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டையிட்ட நேரம் அது, அவர் கொட்டகைக்குத் தீ வைக்கிறார்கள். இது மிகை என்றாள் ஒரு மாணவி. 1918 ஏப்ரலில் மான்டானாவின் பாதுகாப்புக் கவுன்சில் பள்ளிகளிலும் மாதா கோயில்களிலும் ஜெர்மன் மொழியையே தடை செய்தது என்று காட்டினேன். அதே வருடம் அங்கே வந்த ராஜத்துரோகச் சட்டத்தில் தண்டனை பெற்ற 78 பேருக்கு, அவர்கள் இறந்த பிறகு, ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2006இல். நாவல் வெளிவந்ததும் அதே வருடம்தான்.

நாவலிலும் ஒரு குறை உண்டு. ஹாட்டி ரயிலை விட்டு இறங்கும் உல்ஃப் பாயின்ட், ஃபோர்ட் பெக் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கும் ஊர். அஸினிபோயின், சூ பழங்குடி மக்களுக்கு அந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க 1908இல் ஒரு சட்டம் வந்தது. மிச்சத்தை 'உபரி' என்று சொல்லி 1913இல் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அவளுடைய 320 ஏக்கர் மிசௌரி ஆற்றுக்குத் தென்புறம், ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே இருந்தது என்பது சரி. ஆனாலும் அந்த மக்களைப் பற்றி நாவல் அதிகம் பேசாமலே கடந்துபோகிறது. கட்டுரையாளராவது பேசியிருக்கலாம்.

கடைசி சனிக்கிழமை, அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் கேட்டான்: "நிலம் போச்சு சரி மிஸ், அந்த ஒன்றரை மைல் வேலி யாருக்குப் போச்சு?"

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை