செல்வத்துக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை. காசிமேட்டில் தடைக்காலம், வஞ்சிரத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் என் சமாசாரத்தை எழுதுகிறேன். என்னுடையதுதான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். உன் அம்மா நாலு என்றாள். அப்புறம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பிக்காக பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிறு வேண்டாம். ஆனால் இரண்டு நாள் முன்பே சைக்கிளை நிறுத்திவிட வேண்டும், மனைவியோடும் சேரக்கூடாது. நீர்க்கடுப்பு இருந்தால் அது ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் வீணாக ஏறும். 4-க்கு மேல் போனால் கவனிப்பார்கள், உன் வயதில் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். எனக்கு 7.2. வெறும் வீக்கத்துக்கும் ஏறுமாம்.

ஆசனவாய் வழியாக விரலால் அந்தச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் நடுங்கினேன். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கவேண்டும். கையுறை, ஜெல்லி, ஒரு நிமிஷம்கூட இல்லை. வெளிக்கு வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். டாக்டர் உன்னைவிடச் சின்னவர். கூச்சமெல்லாம் எனக்குத்தான். ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் பெரிய கொடுமை. போய்விட்டு வந்த பிறகு மீதி எவ்வளவு நிற்கிறது என்று மறுபடி பார்த்தார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்து, கடைசியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் டக் டக்கென்று பன்னிரண்டு தடவை. சிறுநீரில் மூன்று நாள் ரத்தம் வந்தது. குளிர்காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவரச் சொன்னார்கள், வரவில்லை.

புற்றுதான். மெதுவாக வளர்கிற ரகமாம். இப்போதைக்கு அறுவை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கண்காணித்து வரலாம் என்றார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

சொந்த உழைப்பில் ஓசூரில் வீடு கட்டினாய், தெருவெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நேரமில்லையா? சைக்கிளை இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடு, மறக்காதே.

டாக்டர் லீவு என்று போன வருஷம் உன்னிடம் சொன்னேனே, அன்று டாக்டர் இருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். எழுந்து வந்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஏறினவன், ஒரு கையுறைக்குப் பயந்து வண்ணாரப்பேட்டை முழுக்க நடந்தேன். அதற்கும் இரண்டு வருஷம் முன்பே பரிசோதனைக்கு எழுதித் தந்த சீட்டு எல்.ஐ.சி. டைரிக்குள் இன்னும் மடித்தபடி இருக்கிறது.

அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுமாம். 45-லேயே பார்த்துவிடச் சொன்னார்கள். உனக்கு ஆடியில் 45.

பொங்கலுக்கு நீ வந்திருந்த இரவு, பின்கதவு நாலு முறை திறந்தது. நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். சர்க்கரையாகவும் இருக்கலாம். அதையும் பார்க்கத்தானே வேண்டும்.

ஜூன் 14-ல் தடைக்காலம் முடிகிறது. அதற்கு அடுத்த வாரம் வா. மீன் வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். நம்பமாட்டாள். வரும்போது மறக்காமல் வஞ்சிரம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா