இளம் நீச்சல் வீரர்களும் இடைவெளிப் பயிற்சியும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பில் பாடசாலைப் போட்டிகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் 50, 100 மீற்றர் போன்ற, ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் பந்தயங்களில் பங்கேற்பவர்களாக இருந்தும், ஒரே சீரான வேகத்தில் நெடுந்தூரம் நீந்துவதே பயிற்சி என்ற எண்ணம் பெற்றோரிடம் இன்னும் மாறவில்லை. 25 அல்லது 50 மீற்றரை ஏறத்தாழ முழு வேகத்தில் நீந்தி, ஓய்வெடுத்து, மீண்டும் நீந்தும் தீவிர இடைவெளிப் பயிற்சி, இதயத்தையும் தசைகளையும் பந்தய வேகத்துக்குப் பழக்கும்; அதற்குச் செலவாகும் நேரமும் குறைவு. ஆயினும், நீச்சல் நுட்பம் படியாத சிறுவர்களுக்கு இதனை அடுத்தடுத்த நாட்களில் கொடுப்பது தகாது. களைப்பினால் கைவீச்சுக் குலைந்த பின்னரும் நீந்தவிட்டால், பெரும்பாலும் தோள்மூட்டே பாதிக்கப்படும். நிறுத்தற்கடிகாரத்தை மட்டுமே பார்த்து நிற்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை. நமது வெயிலில், தடாகத்துள் வியர்ப்பதை உணராத பிள்ளைகளுக்கு இடையிடையே நீர் அருந்தக் கொடுக்குமாறும் பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.