பேய்க்கதைகளை விடுங்கள், துணுக்குகளைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் 'நவீன வாழ்வில் தொன்மங்கள்' சிறப்புப் பகுதியை ஒரே மூச்சில் படித்தேன். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் தொடங்கி, அமானுஷ்யத் திகில் கதைகளில் வந்து முடித்திருந்தீர்கள். நல்ல முயற்சி. ஆனால் இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்து, மக்களின் பகுத்தறிவை மழுங்கடிப்பது திகில் இலக்கியம்தான் என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திகில் கதைகளைப் பல காலமாக விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பேய்க்கதைகளில் பலவும் யாரோ ஒருவர் உண்மையிலேயே அனுபவித்த ஒன்றிலிருந்து பிறந்தவை. நடு இரவில் விழிப்பு வருகிறது. கை கால் அசையவில்லை. மார்பின் மீது ஏதோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது. அறையில் இன்னொருவர் நிற்பது போலத் தெரிகிறது. இந்த அனுபவத்தை உலகின் பல மூலைகளிலும் மக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். ஹென்றி ஃபியூஸ்லி என்ற ஓவியர் 1781-ல் அதை அப்படியே வரைந்து வைத்தார். கனவு காணும் உறக்கக் கட்டத்தை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதோ 1953-ல்தான். அந்தக் கட்டத்தில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். அது கலைவதற்கு முன்பே மனம் விழித்துக்கொண்டால் மேலே சொன்னதெல்லாம் நேரும். இதைத்தான் இன்று உறக்க முடக்கம் என்கிறோம். கதை சொன்னவர்கள் காரணத்தைத் தவறாகச் சொன்னார்கள். அனுபவத்தை மட்டும் பிசகாமல் சொல்லியிருக்கிறார்கள்; மருத்துவம் வந்து சேரும்வரை அதைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்கள்.

மங்கிய ஒளியில் கண்ணாடியை வெறித்துப் பார்த்தால் வேறு முகம் தெரியும் என்ற கதையும் அப்படித்தான். இத்தாலிய உளவியலாளர் ஜொவான்னி கபூட்டோ 2010-ல் வெளியிட்ட சோதனையில், பத்து நிமிடம் அப்படிப் பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் முகமே பெரிதும் கோணலாகிப் போனதைக் கண்டதாகச் சொன்னார்கள்.

இனி துணுக்குகளுக்கு வருவோம். நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்ற செய்தியை அறியாதவர் உண்டா? வில்லியம் ஸ்டியூக்லி என்ற ஆங்கிலேயர் 1754-லேயே ஒரு கடிதத்தில் இப்படி எழுதிவிட்டார். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-ல். அதாவது, பார்த்தவர் எவருமே இல்லாத காலத்தில் இது 'உண்மை'யாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுவரின் அகலம் பத்து மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தலைமுடியைப் பார்க்க முயல்வதற்குச் சமம் அது. நிலவை விடுங்கள், 2003-ல் பூமியைச் சுற்றி வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், அங்கிருந்தே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். துணுக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

மூளை விஷயத்தைக் கட்டுரையாளரே தெளிவாக மறுத்திருக்கிறார். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள உறுப்பு உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்ற ஒன்றையும் சேர்த்திருக்கலாம். சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு செலவு எதற்கு? லெமிங் என்ற கொறிவிலங்குகள் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை அதைவிட மோசம். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு 1958-ல் வெளிவந்த ஓர் இயற்கை ஆவணப்படத்துக்கு உண்டு. காட்சி எடுக்கப்பட்டது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில். அங்கே கடலே கிடையாது. லெமிங்குகளை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து பாறை விளிம்பிலிருந்து தள்ளியிருக்கிறார்கள். ஆவணப்படம் என்ற பெயரே அதற்கு நம்பகத்தன்மை கொடுத்துவிட்டது. எந்தத் திகில் கதைக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கட்டுரையாளருக்கு நான் நினைவூட்ட விரும்புவது ஆர்தர் மேக்கனுக்கு நேர்ந்ததை. திகில் இலக்கியத்தில் அவர் முன்னோடி. பிழைப்புக்கு லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் வேலை பார்த்தார். முதல் உலகப் போர் தொடங்கி, பெல்ஜியத்தில் மோன்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை பின்வாங்கிய செய்தி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1914 செப்டம்பர் 29 அன்று அவருடைய சிறுகதை ஒன்று அதே பத்திரிகையில் வெளியானது. போர்முனையில் சிக்கிய ஒரு வீரன் புனித ஜார்ஜை வேண்டுகிறான். 1415-ல் பிரான்சின் அஜின்கூரில் போரிட்ட ஆங்கில வில்லாளிகளின் ஆவிகள் வந்து அம்பு மழை பொழிகின்றன. எதிரிகள் உடலில் காயமே இல்லாமல் சாய்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் இது கற்பனை என்ற குறிப்பு எதுவும் அதனுடன் அச்சாகவில்லை. போர்ச் செய்திகள் வரும் தாளில், போர்ச் செய்தி போலவே வந்தது.

ஆவியுலக இதழ்களின் ஆசிரியர்கள் மேக்கனிடம் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் ஏதுமில்லை, முழுக்க என் கற்பனை என்றார். தேவாலய இதழ்கள் மறுபதிப்புக்கு அனுமதி கேட்டன. அவர்களில் ஒரு பாதிரியார், கதையைத் தனிப் பிரசுரமாக்க வேண்டும், ஆதாரங்களுடன் முன்னுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டாராம். எல்லாமே நான் இட்டுக்கட்டியது என்று மேக்கன் பதில் எழுத, நீங்கள்தான் தவறாகச் சொல்கிறீர்கள், அடிப்படை நிகழ்ச்சி உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று மறுமொழி வந்திருக்கிறது. மேக்கனே இதைப் பதிவுசெய்திருக்கிறார். 1915-க்குள் வில்லாளிகள் தேவதூதர்களாகிவிட்டார்கள். நேரில் கண்டவர் யார் என்று தேடிப் போனால், ஓர் அதிகாரி சொன்னதாக இன்னொருவர் சொன்னார் என்ற இடத்திலேயே தடம் நின்றுபோனது. அந்த ஆண்டிலேயே மேக்கன் கதையைப் புத்தகமாக்கி, நடந்ததையெல்லாம் நீண்ட முன்னுரையில் விளக்கினார். அவர் குரல் எடுபடவில்லை.

இதில் யார் மீது குறை? கதை எழுதியவர் கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னார். 'சிறுகதை' என்ற ஒரு சொல்லை மேலே போடாமல் அச்சுக்கு அனுப்பிய பத்திரிகையைத்தான் நான் குறை சொல்வேன்.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் தன் கதைகளில் வரும் 'நெக்ரோனோமிகான்' என்ற நூலைச் சுத்தமாகக் கற்பனையிலிருந்து உருவாக்கினார். நண்பர்களான மற்ற எழுத்தாளர்களும் அதைத் தங்கள் கதைகளில் குறிப்பிடத் தொடங்கினார்கள். வெவ்வேறு ஆட்கள் ஒரே நூலைச் சொல்லவும், இருந்துதான் ஆக வேண்டும் என்று வாசகர்கள் நம்பினார்கள். கேட்டு எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நூல் இல்லை என்று லவ்கிராஃப்ட் பொறுமையாகப் பதில் எழுதினார். அவர் இறந்தது 1937-ல். 1977-ல் அதே பெயரில் ஒரு புத்தகம் நியூயார்க்கில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பத்து இதழ்கள் ஒரே துணுக்கை ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துப் போடும்போதும் இதேதான் நடக்கிறது. வாசகர் அதைப் பத்துச் சாட்சிகளாக எண்ணுகிறார். சாட்சி ஒன்றுகூட இல்லை.

1938 அக்டோபர் 30 அன்று செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்குவதாகச் சொன்ன ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே பீதியில் தெருவுக்கு ஓடி வந்தது என்று உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. அன்று சிலர் பயந்தது உண்மை. நாடகம் என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார்கள். அன்றிரவு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான். நாடு தழுவிய பீதி என்ற பெரிய சித்திரத்தைத் தீட்டியவை மறுநாள் நாளிதழ்கள். விளம்பர வருவாயில் வானொலி அப்போது அவற்றுக்குப் போட்டியாக வளர்ந்துகொண்டிருந்தது.

'ஸ்லெண்டர் மேன்' நிகழ்வையும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டுகிறார். 2009-ல் எரிக் நுட்சன் இணையத்தில் உருவாக்கிய கற்பனைப் பாத்திரம் அது. 2014-ல் அதன் பெயரைச் சொல்லி விஸ்கான்சினில் இரண்டு பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் தங்கள் தோழியைக் கத்தியால் குத்தினார்கள். அந்தக் குழந்தை உயிர் பிழைத்தது. நெஞ்சு பதறும் கொடுமை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நீதிமன்றம் அந்த இருவரையும் மனநோயைக் காரணமாகக் கண்டு மனநல மருத்துவமனைக்கே அனுப்பியது. கதையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் கட்டுரையாளர் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதே அதை உண்மையென்று தோன்றச் செய்யும் என்பதை 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். சரியான விடை தெரிந்தவர்களையும் அது விட்டுவைப்பதில்லை என்று 2015-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் பகுதியில் தவறான நம்பிக்கைகள் தடித்த எழுத்திலும் மறுப்புகள் சிறிய எழுத்திலும் இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு நகர்பவர் மனத்தில் எது தங்கும்?

மறுப்பு எழுதுபவர்களும் சறுக்குவதுண்டு. பசலைக்கீரையின் இரும்புச் சத்து ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதால் பத்து மடங்காகிவிட்டது, அதை நம்பித்தான் கார்ட்டூன் மாலுமி பாப்பாய் பலம் பெறக் கீரை தின்றார் என்று அதே பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். 1981-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை இந்தத் தசமப் புள்ளிக் கதையைப் பரப்பியது. அதில் இதற்குச் சான்று எதுவும் தரப்படவில்லை. 2010-ல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்து, அதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்று எழுதினார். பாப்பாயும் தன் கார்ட்டூனில் வைட்டமின் ஏ-வைத்தான் காரணம் காட்டுகிறார். கட்டுக்கதையை உடைக்க வந்த கதையும் கட்டுக்கதை!

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். துணுக்கோ பெட்டிச் செய்தியோ போடும்போது, இதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எதை வைத்துச் சொன்னார் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால் துணுக்கை எடுத்துவிடுங்கள். இடம் காலியானால் ஒரு கவிதை போடலாம். மறுப்புப் பகுதியில் உண்மையைத் தலைப்பாக்கிப் பொய்யை உள்ளே தள்ளுங்கள். திகில் கதைகளைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒன்றாவது வெளியிடுங்கள், எழுதியவர் பெயரோடும், மேலே 'சிறுகதை' என்ற சொல்லோடும். கீரைத் துணுக்குக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்