பூச்சிகளுக்குப் பெயர் வைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டை வைத்தே இனத்தைக் கண்டறியும் டி.என்.ஏ. பார்கோடு வந்த பிறகு, பூச்சிகளை இனம் பிரித்துப் பெயரிடும் பூச்சி வகைப்பாட்டியல் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். பார்கோடு ஒரு பூச்சியைத் தரவுத்தளத்தில் தேடித் தரும். அங்கே இருக்கும் பெயர் சரிதானா என்பதை மூல மாதிரியோடு (முதன்முதலில் பெயரிட்டபோது அடையாளமாகக் காத்து வைத்த பூச்சியோடு) ஒப்பிட்டுப் பார்த்த ஆள்தான் சொல்ல முடியும்.

பெயர் தப்பினால் என்ன ஆகும்? 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. 1977இல் அதற்கு ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார்கள். மரவள்ளியின் தாயகமான தென் அமெரிக்காவில் அதன் எதிரியைத் தேடினார்கள். கண்டத்தின் வடக்கே அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தாக்கும் ஒட்டுண்ணிகளை ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் விட்டால், அவை அதில் பெருகவே இல்லை. காரணம், வடக்கே கிடைத்தது வேறு இனம். 1981இல் அதற்கு ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்று தனிப் பெயர் வந்தது. அதே ஆண்டு பராகுவேயில் உண்மையான பூச்சி அகப்பட்டது. அதைத் தாக்கும் ஒட்டுண்ணியாக அங்கிருந்து போன ஒரு சின்னக் குளவிதான் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இரண்டு மாவுப்பூச்சிகளையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்து வேறு வேறு என்று பிரித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தத் தொழிலின் சம்பிரதாயமே அதுதான் என்று வைத்துக்கொள். நிரந்தர வேலை குறைவு. மதிப்பும் குறைவு: 2020இல் விலங்கு வகைப்பாட்டியலுக்கான ஸூடாக்ஸா ஆய்விதழ் தன்னையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று, இதழ்களின் மதிப்பை மேற்கோள்களால் அளக்கும் தாக்கக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். உலகமே சத்தம் போட்டதும் திரும்பச் சேர்த்தார்கள். புதிய இனங்கள் அவ்வளவு வெளியாகும் இதழ் தன்னை மேற்கோள் காட்டாமல் வேறு எதைக் காட்டும்?

வேலையும் மெதுவானது. ஓர் உயிரினத்தைச் சேகரித்த நாளுக்கும் அதற்குப் பெயர் வரும் நாளுக்கும் நடுவே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடுகின்றன என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெயருள்ள பூச்சியினங்கள் சுமார் பத்து லட்சம். பெயரில்லாதவை அதைப் போலப் பல மடங்கு என்பதே பொதுவான கணிப்பு. பல வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். வயிற்றைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊற வைத்து, தசை கரைந்ததும் ஊசி முனையால் வெளியே எடுக்க வேண்டும். (என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லாதே.) அப்புறம் பழைய நூல்கள். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை, விலங்கியலில் அந்தக் கணக்கு 1758இலிருந்து தொடங்குகிறது. நீ புதிது என்று நினைப்பதற்கு யாரோ ஒரு ஜெர்மானியர் எப்போதோ பெயர் வைத்து முடித்திருப்பார்.

வண்ணத்துப்பூச்சி பக்கம் போகாதே, அங்கே கூட்டம் அதிகம். ஒட்டுண்ணிக் குளவிகளை எடு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதவை ஏராளம், பார்க்க ஆளே இல்லை. இப்போதே படம் வரையப் பழகு. இடமும் தேதியும் எழுதிய லேபிள் இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட ஊசியில் குத்தாதே. எந்தக் குளவிக் குடும்பம் என்று முடிவு செய்ததும் எழுது. எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்